இன்னும் கொஞ்சம் வலப்பக்கம்

"இந்தச் செடித் தொட்டிய ஒண்ணு விடாம எடுத்துட்டுப் போயிருங்க பவாஸ்" என்று சிவசக்தி சொன்னபோது, முன்னறையில் அவள் கணவர் விஜேந்திரனின் தலைமாட்டு விளக்குக்கு அங்கம்மா எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் உட்காரப் பின்முற்றத்திலிருந்து நாற்காலி எடுக்க வந்த பவாஸ் அப்படியே நின்றுவிட்டார். விஜேந்திரனோடு கூடவே வேலை செய்தவர் அவர். சாவு வீட்டில் பெண்சாதி வாயிலிருந்து முதலில் வந்த பேச்சு இதுவா என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. மயானத்துக்குப் போய்வந்த பிறகு வண்டியோடு வருவதாக மெதுவாகச் சொன்னார். அதற்குள் மறந்துவிடுவாள் என்று நினைத்திருப்பார். சிவசக்தி மறக்கிற ஆளில்லை.

இலங்கை மலைநாட்டுப் பதுளையின் பழைய தெருக்களில் வீடுகள் ஒன்றின் முதுகில் ஒன்று சாய்ந்து நிற்கும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் இரண்டு பாய் விரிக்கிற அளவில் ஒரு முற்றம். அதற்குள்ளேயே பக்கத்து வீட்டுச் சுவர், தண்ணீர்த் தாங்கி, கக்கூஸ் கதவு எல்லாம் வந்து நிற்கும். அங்கே ஒரு தோட்டம் அமைத்துத் தருவதுதான் விஜேந்திரனின் தொழில். மண்வெட்டியைத் தொடுமுன் ஒரு நாற்காலி கேட்பார். வீட்டுக்காரர்கள் சாயங்காலம் எங்கே உட்காருவார்களோ அங்கே போட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். தேத்தண்ணி குடிக்க வந்த ஆள் என்று கேலி செய்வார்கள். எழுந்தாரென்றால் எதை மறைப்பது, எங்கே இடைவெளி விடுவது என்று தெளிவாக இருப்பார். ஊரார் வீட்டையெல்லாம் சோடித்த மனிதருக்குத் தன் வீட்டுப் பின்பக்கம் மட்டும் கண்ணில் படவே இல்லை. சிவசக்தி கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள்.

ஈரலில் வந்த நோய்க்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவைத்த பிறகுதான் அவருக்கு அந்த ஞானம் வந்தது. பின்னறை ஜன்னலோரம் கட்டிலைப் போடச் சொன்னார். படுத்தபடியே பவாஸிடம் வேலை வாங்கினார். பெர்ன் செடி வந்தது, ஆந்தூரியம் வந்தது, ஆள் உயரத்துக்குக் குரோட்டன்கள் வந்தன. "கொஞ்சம் வலப்பக்கம்" என்பார். மூச்சு வாங்கும். "இன்னும் கொஞ்சம்" என்பார். அடுத்த நாள் அதே தொட்டி திரும்பவும் இடப்பக்கம் போகும்.

சிவசக்தி முதலில் சந்தோசப்பட்டாள். பிறகு அவளுக்குப் பொறாமை வந்தது, செடிகள் மேல். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். பேச்சு நாளுக்கு நாள் குறைந்துவந்த மனிதர், மிச்சமிருந்த வார்த்தைகளையெல்லாம் தொட்டிகளுக்கே செலவழித்துக்கொண்டிருந்தார். உடம்பு துடைத்துவிடும்போது, தன்னிடம் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டாள். தலையை அசைத்தார். அது ஆமாவா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை.

நேற்றுச் சாயங்காலம் அவள் வெளியே குழாயடியில் கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். பவாஸ் ஒரு பெர்ன் தொட்டியை நகர்த்தினார். "போதும்" என்று உள்ளேயிருந்து கேட்டது. அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. விடியும்போது மூச்சும் இல்லை. இத்தனை வருஷம் கூட இருந்தவளுக்கு ஒரு வார்த்தை இல்லை, தொட்டிக்கு மட்டும் கடைசி வார்த்தை.

மனசு தாங்காமல் அங்கம்மாவிடம் போய் உட்கார்ந்தாள். அங்கம்மா விஜேந்திரனின் அக்கா, பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டு அங்கேயே புருசனையும் பறிகொடுத்தவள்.

"எங்கிட்ட ஒண்ணுமே சொல்லாமப் போயிட்டாரு அண்ணி."

"எந்த ஆம்பள சொல்லிட்டுப் போனான்? எம்புருசன் கடைசியா எங்கிட்ட கேட்டது பீடி."

சிவசக்திக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அழுகைதான் வந்தது.

மழை விட்டதும் விஜேந்திரனை எடுத்தார்கள். பெண்கள் தெருமுனைவரை போய்த் திரும்பி வீட்டைக் கழுவத் தொடங்கினார்கள். அங்கம்மா அழுதுகொண்டே ஆளுக்கொரு வேலை சொன்னாள். உயிர் போன மெத்தை வீட்டில் இருக்கக் கூடாது என்றாள். அதன் விரிப்பை எடுக்கச் சிவசக்தி பின்னறைக்குப் போனாள்.

சுவரோரத்து நுனி கைக்கு எட்டவில்லை. காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. கட்டிலில் உட்கார்ந்தாள், பிறகு அப்படியே சாய்ந்தாள். தலையணையில் அவர் தலை பதிந்த பள்ளம் இன்னும் இருந்தது.

படுத்துப் பார்க்கையில் முற்றம் வேறாக இருந்தது. நின்று பார்த்தபோது தாறுமாறாகத் தெரிந்த தொட்டிகள் இங்கிருந்து இலையோடு இலை சேர்ந்து நின்றன. பக்கத்து வீட்டுச் சுவர் தெரியவில்லை. தண்ணீர்த் தாங்கி, கக்கூஸ் கதவு எதுவுமே தெரியவில்லை. நடுவில் ஒரு ஆள் அகலத்துக்கு மட்டும் இடைவெளி இருந்தது. அதில் தெரிந்ததெல்லாம் தண்ணீர்க் குழாயும் பாசி பிடித்த துவைகல்லும்தான். முதலில் மறைக்க வேண்டியதே அதைத்தானே, இதை எப்படி விட்டார் என்று அவளுக்கு விளங்கவில்லை.

அங்கம்மா வாளியோடு குழாயடிக்கு வந்தாள். இரண்டு பெர்ன்களுக்கு நடுவே தலையிலிருந்து கால்வரை முழுசாகத் தெரிந்தாள். விளக்குமாற்றை எடுக்க ஓரடி நகர்ந்ததும் இலைக்குள் மறைந்துபோனாள். திரும்ப வந்ததும் மறுபடி தெரிந்தாள்.

சிவசக்தியின் பகலில் பாதி அந்தக் கல்லில்தான் போகும். அரிசி கழுவுவது அங்கே, சட்டி தேய்ப்பது அங்கே, இந்தக் கடைசி மாதங்களில் அவருடைய துணிகளை அலசியதும் அங்கேதான். தொட்டிகள் வலப்பக்கமும் இடப்பக்கமும் போனபோதெல்லாம் அவள் அங்கே குனிந்து நின்றிருந்தாள். கண்ணை மூட மனமில்லாமல் கிடந்தாள்.

"அடியே, அந்த மெத்தையில போயா படுப்ப? எந்திரி" என்றாள் அங்கம்மா ஜன்னலைப் பார்த்து.

"கொஞ்ச நேரம் அங்கயே நில்லுங்க அண்ணி."

ஒன்றும் புரியாமல் அங்கம்மா வாளியோடு நின்றாள்.

மயானத்திலிருந்து திரும்பிய பவாஸ் ஈரத் தலையோடு முற்றத்துக்கு வந்தார். சொன்ன சொல் தவறாதவர், வண்டி சந்தில் நின்றது. குனிந்து முதல் தொட்டியில் கை வைத்தார்.

"தொட்டி இருக்கட்டும் பவாஸ்" என்றாள் சிவசக்தி, கட்டிலிலிருந்து எழுந்து ஜன்னல் வழியாக. "மெத்தைய மட்டும் எடுத்துட்டுப் போங்க."

பவாஸ் தொட்டியிலிருந்து கையை எடுத்தார். உள்ளே வந்து மெத்தையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போனார். வெறும் பலகைக் கட்டில் ஜன்னலோரம் கிடந்தது.

சிவசக்தி முற்றத்துக்கு இறங்கி, அந்த இடைவெளிக்கு நேரே துவைகல்லடியில் போய் நின்றாள். அங்கம்மாவின் கையிலிருந்த வாளியை வாங்கி ஓரமாக வைத்தாள். கலைந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு குழாயைத் திறந்தாள். கழுவிக் கவிழ்த்திருந்த டம்ளர்களில் ஒன்றை எடுத்து, வழக்கம்போல் ஜன்னல் பக்கம் பார்க்காமலே, திரும்பவும் கழுவத் தொடங்கினாள்.