முதல் கிண்ணத்தின் கறை

ஒளிப்படத் தாளைச் சன்னல் வெளிச்சத்தில் எத்தனை முறை உயர்த்திப் பிடித்தாலும் முதல் கிண்ணத்துக்குரிய கோட்டில் அந்தக் கறுப்புக் கறை இருக்கத்தான் செய்தது. முதல் கிண்ணத்துச் செல்களுக்கு ஒர்னெல்லா வளர்ச்சிக் காரணியைக் கொடுக்கவே இல்லை. அந்தப் புரதம் செல்லின் வெளிப்புறத்தில் வந்து ஒட்டிக்கொண்டால்தான் செய்தி கைமாறிக் கைமாறி உட்கருவரை போகும். இல்லையேல் உள்ளே அமைதி நிலவ வேண்டும், தாளில் கறை விழக் கூடாது. அந்த அமைதியைக் காட்ட முடியாவிட்டால் அவளுடைய ஈராண்டு உழைப்பு எதையும் மெய்ப்பிக்காது. இம்மாதத்தோடு முடியும் வேலை ஒப்பந்தமும் நீளாது. மூன்று திங்கட்கிழமைகளாக இதே கறை.

"முறைச்சுப் பாத்தா வெளுத்துடுமா? முதல் கிண்ணந்தானே மறுபடியும்?" என்றான் ருஜ்ஜெரோ, குட்டிக் கண்ணாடிக் குவளையில் காபியோடு வாசலில் நின்றபடி.

எந்தக் கிண்ணம் என்று அவள் சொல்லவில்லையே! ஆய்வகத்தில் நீளவிருந்தது ஒரே ஓர் ஒப்பந்தம். காத்திருந்தவர்கள் அவர்கள் இருவர். சனிக்கிழமை மாலை அவள் மூடியிலும் கிண்ணத்திலும் நேர்கோடாகப் பேனாவால் கீறி வைத்திருந்தாள். இன்று காலை அந்தக் கோடு விலகியிருந்தது. 'தங்கள் மேலான கவனத்திற்கு' என்று தொடங்கி, அவன் பெயரைக் கடைசி வரியில் மட்டும் எழுதி, பேராசிரியை பெனுஸ்ஸியின் மேசையில் ஒரு புகார்க் கடிதத்தை வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"நேத்து என் கிண்ணத்தைத் தொட்டியா?"

"தொட்டேனே. நீங்கல்லாம் கடல்ல போய் விழுந்துடுறீங்க. மூணு ஞாயிறா நான்தான் எல்லாச் செல்லுக்கும் சாப்பாடு மாத்துறேன். மகாராணி வாயிலேருந்து ஒரு நன்றி வரும்னு பாத்தா..."

"நான் அதுங்களைப் பட்டினி போட்டிருந்தேன் ருஜ்ஜெரோ!"

ஊட்டநீரில் கன்றின் குருதிநீர் கலந்திருக்கும். அதற்குள்ளேயே வளர்ச்சிக் காரணிகள் உண்டு. ஊட்டினால் எல்லாச் செல்லும் பேசத் தொடங்கிவிடும். இது அவனுக்குத் தெரியாததன்று.

"பட்டினின்னா சிவப்பு நாடா ஒட்டணும். இந்த ஊருக்கே தெரிஞ்ச வழக்கம்."

"ஒட்டினேன். மூணு தடவையும்."

"சத்தியமா இல்லடி. இருந்தா நான் கை வைப்பேனா?"

நல்ல நடிப்பு என்றே அவளுக்குத் தோன்றியது. அவன் குவளையை வைத்துவிட்டு செல் கிண்ணங்களை வைக்கும் வெப்பப் பெட்டியைத் திறந்தான். ஈரமான சூடு முகத்தில் அடித்தது. அவள் மூக்குக்கண்ணாடி மங்கியது. துடைத்துப் போட்டுக்கொண்டு, தட்டுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். பெட்டியின் அடியில், காற்று காயாமலிருக்க வைக்கும் நீர்த்தட்டில் கையுறையோடு கையை விட்டபோது ஏதோ வழுக்கியது. பசை கரைந்து சுருண்ட மூன்று சிவப்புத் துண்டுகள்.

ருஜ்ஜெரோ சிரித்துவிட்டான். "மலிவு நாடா வாங்குனவங்களைத்தான் உதைக்கணும். விடு, இந்த வாரம் சேர்ந்தே செய்வோம். நீ கடிகாரத்தைப் பாரு, நான் மருந்தை விடுறேன்."

"ருஜ்ஜெரோ, கொஞ்சம் என் அறைக்கு வாயேன்," என்று கூடத்தின் மறுகோடியிலிருந்து பேராசிரியையின் குரல் கேட்டது. "கதவைச் சாத்திட்டு வா."

"சம்பள உயர்வோ என்னவோ," என்று கண்ணடித்துவிட்டுப் போனான்.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் பேராசிரியை நாற்காலியைக் காட்டினார். அவன் உட்காரவில்லை. நீட்டப்பட்ட தாளை வாங்கி நின்றபடியே படித்தான். கடைசி வரிக்கு வந்ததும் முதல் வரிக்குத் திரும்பினான். ஒர்னெல்லாவின் கையுறையிலிருந்து நீர் சொட்டி, அவள் காலடித் தரையில் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.