சும்மா இருக்க ஓர் ஊர்

என் கணவர் லோங்ஸ் காற்சட்டை போட்டுக்கொண்டு படுப்பவர். பைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு வருடங்களுக்கு முன், கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையை ஆமி சுற்றிவளைத்த ஒரு விடியற்காலையில், அவரை இடுப்பில் கட்டிய சாரத்தோடும் பெனியனோடும் லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பின்னேரம் விட்டுவிட்டார்கள். அடிக்கவில்லை, ஏசவில்லை. ஆனால் தபால் கந்தோரில் காலம் முழுவதும் மடிப்புக் கலையாத சேட்டோடு உட்கார்ந்திருந்த மனிதர், காலி வீதி வழியே சாரத்தை ஒரு கையால் இறுக்கிப் பிடித்தபடி நடந்து வந்தார். அன்றிலிருந்து லோங்ஸ். சேட் பையில் அடையாள அட்டை. அவர் படுக்கையில் திரும்பும்போதெல்லாம் பெல்ட் சத்தம் கேட்கும். இரவுக் காவல் வாச்சரைக் கலியாணம் கட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது என்று ஒருநாள் பகிடி விட்டேன். அவர் சிரிக்கவில்லை. பிறகு நானும் அந்தப் பகிடியை விட்டுவிட்டேன்.

அவர் பெயர் சிவபாதசுந்தரம். பென்ஷன் எடுத்த நாள் முதல் அவருக்கு ஒரே ஆசைதான்: சும்மா இருக்க வேண்டும். ஒரு கதிரை, அதற்கு மேல் கொஞ்சம் நிழல், பக்கத்தில் ஒரு கோப்பை தேத்தண்ணி. பெரிய ஆசையா இது? எங்கள் ஃபிளாற் மூன்றாம் மாடி. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் குளியலறைக் குழாய்தான் தெரியும். ஒழுங்கை முடிவில் கடல் கிடந்தது, ஆனால் ரெயில் பாதையைத் தாண்டினால் ஆமிக்காரன் மறிப்பான் என்று இவர் அந்தப் பக்கமே போவதில்லை. வாடகை வருடா வருடம் ஏறியது. பென்ஷனுக்கு ஏறத் தெரியவில்லை.

யாழ்ப்பாணத்தில், தெல்லிப்பழையில் எங்களுக்கு வீடு இருக்கிறது. ஆமியின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருக்கிறது, அல்லது இருந்தது. போகிற பாதையும் பூட்டு. ஆகவே மலிவாக, அமைதியாக வேறு ஓர் ஊர் தேடினோம். தேடினோம் என்றால், சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு ஒவ்வோர் ஊராகத் தள்ளிக்கொண்டு வந்தோம். வவுனியா என்றால் அவருக்குப் பயம். திருகோணமலை என்றால் எனக்குப் பயம். அட்டன் பக்கம் மலிவுதான், அவருடைய தொய்வு இழுப்புக்குக் குளிர் ஆகாது. இவ்வளவு பெரிய தீவில் இரண்டு கதிரை போட இடமில்லை என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

வெள்ளவத்தையில் இருப்பதற்கோ எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு காரணம் வேண்டும். பொலிஸ் பதிவிலும் சரி, மறித்துச் சோதிக்கிற சென்றியிலும் சரி, அடையாள அட்டையில் யாழ்ப்பாணத்தைக் கண்டவுடன் சிங்களத்தில் கேட்பார்கள்: "மொகட்டத ஆவே?" ஏன் வந்தாய்? அதற்கு 'சும்மா' என்று மட்டும் சொல்லக் கூடாது. சும்மா இருக்கிற தமிழனைத்தான் அவர்களுக்குக் கூடுதலாகப் பயம். ஒழுங்கையில் எல்லோரும் ஒவ்வொரு காரணத்தைக் கையில் வைத்திருந்தார்கள்: ஒப்பரேஷன், கலியாணம், மகளின் படிப்பு. எங்கள் காரணம் 'பிட்டரட்ட யன்ன'. வெளிநாடு போக. ஒரு காலத்தில் அது உண்மை. லண்டனில் இருக்கும் மகன் கூப்பிட்டான், விசா மறுத்துவிட்டார்கள். காரணத்தை மட்டும் நாங்கள் விடவில்லை. நன்றாக ஓடுகிற காரணத்தை யாராவது மாற்றுவார்களா? சீருடையைக் கண்டால் போதும், இவர் எழுந்து நின்று, கேள்வி முடியுமுன்னே 'மஹத்தயா', ஐயா, என்றும் சேர்த்துச் சொல்லிவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஒஸ்வால்ட் வந்தார். கொட்டாஞ்சேனைக்காரர், இவரோடு கந்தோரில் வேலை செய்தவர்.

"அண்ணே, சிலாபம் போற வழியில எங்க வைஃபோட ஒன்றுவிட்ட அக்கா மாக்ரெட் இருக்காங்க. தென்னந்தோட்டத்துக்குள்ள சின்ன வீடு ஒண்ணு பூட்டிக் கிடக்குது. நல்ல ஆள் ரெண்டு பேர் வந்து இருந்தாப் போதும்னு சொல்றாங்க. வாடகை இங்க நீங்க குடுக்கிறதுல காவாசியும் வராது."

"சிங்கள ஊரோ?" என்று இவர் கேட்டார்.

"சிங்களம்தான். ஆனா அக்கா செபம் மட்டும் தமிழ்ல சொல்வாங்க. அவங்க அம்மா அப்படித்தான் சொல்லிக் குடுத்தது."

செபம் தமிழில் சொல்கிற ஊர் என்றதும் இவருக்கு முகம் தெளிந்துவிட்டது. போய்ப் பார்ப்போம் என்றார். நான் நம்பிக்கை இல்லாமலேயே அவருடைய சாரம் ஒன்றையும் பையில் வைத்தேன்.

மூன்று பேரும் பஸ்ஸில் போய் இறங்கினோம். வீடு இரண்டு அறை, ஓட்டுக் கூரை, பின்னால் கிணறு. தென்னைகளுக்கு இடையால் காற்று வந்துகொண்டே இருந்தது. மாக்ரெட் என் வயதுக்காரி, நல்ல உயரம். எனக்குத் தெரிந்த சந்தைச் சிங்களத்துக்கும் அவவுக்குத் தெரிந்த செபத் தமிழுக்கும் நடுவில் எங்கள் கதை ஒருமாதிரி ஓடியது. சுவரில் மகனின் படம் தொங்கியது. இத்தாலியில் ஏதோ கடை வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

"எப்பிடிப் போனவர்?" என்று கேட்டேன்.

"போனான்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவ சோறு போடப் போய்விட்டா. ஒஸ்வால்ட் என் காதருகே குனிந்தார்.

"கள்ளமா, வள்ளத்துல, அக்கா. இந்தக் கரையிலிருந்து நிறையப் பொடியன்கள் அப்படித்தான் போறது. பிறகு பொலிஸ் வந்து இவங்களைப் போட்டு உருட்டி எடுத்துட்டாங்க. அதைப் பற்றிக் கேக்காதீங்க."

சாப்பிட்டபின் இவர் கிணற்றடியில் குளித்தார். "இஞ்சேரும், பாக்கியம்" என்று கூப்பிட்டார். "அந்தச் சாரம் கொண்டு வந்தனீரோ?"

கொண்டுபோய்க் கொடுத்தேன். அதைக் கட்டிக்கொண்டு வந்து முன்விறாந்தைக் கதிரையில் சாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது. போய்ப் பார்த்தால் வாய் திறந்தபடி, கால் இரண்டையும் நீட்டி, பட்டப்பகலில் நித்திரை. வேலிக்கு அப்பால் ஒரு மோட்டார் சைக்கிள் சத்தத்தோடு போனது. அவர் அசையவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த வீடு எனக்கு வேண்டும், என்ன விலை கொடுத்தாவது வேண்டும் என்று நினைத்தேன். என் மனிதரை நான் இந்தக் கதிரையில் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

ஒரு வேலை மட்டும் மிச்சம் இருந்தது. புதிதாகக் குடிவருகிறவர்கள் பொலிஸில் பதிய வேண்டும். சார்ஜன்ட் தன் கோயில்காரர், ஐந்து நிமிட வேலை என்று மாக்ரெட் சொன்னா. இவரை எழுப்பினோம். லோங்ஸை மாட்டிக்கொண்டு வந்தார்.

சார்ஜன்ட் நல்ல மனிதர், அதைச் சொல்லத்தான் வேண்டும். எங்களுக்குக் கதிரை போட்டார். இவருடைய அடையாள அட்டையைப் பார்த்தார், பென்ஷன் அட்டையைப் பார்த்தார். தனக்கும் அடுத்த வருடம் பென்ஷன் என்றார். தபால் கந்தோர்க்காரருக்கு இங்கே பொழுது போகாதே என்று சிரித்தார். உத்தியோகத்துக்காகச் சோதனை பாஸ் பண்ணிப் படித்த சிங்களத்தில் இவரும் ஏதோ மரியாதையாகச் சொல்ல, அவர் இன்னும் சிரித்தார். முடிந்தது என்று நான் மனதுக்குள் கதிரைகளை ஒழுங்குபடுத்தத் தொடங்கிவிட்டேன். மாக்ரெட்டின் விறாந்தையில் ஒன்று, கிணற்றடியில் ஒன்று.

சார்ஜன்ட் பேனையை எடுத்து, கடைசியாக, எழுதுவதற்காக மட்டும் கேட்டார்.

"மொகட்டத ஆவே?"

இவர் எழுந்து நின்றார். கைகள் இரண்டும் லோங்ஸ் மடிப்போடு ஒட்டின.

"பிட்டரட்ட யன்ன, மஹத்தயா."

சார்ஜன்டின் பேனை நின்றது. மாக்ரெட் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டா. தான் சொன்னது இவருக்கு இன்னும் கேட்கவில்லை. வெள்ளவத்தையில் அதைச் சொன்னவுடன் கையசைத்துப் போகச் சொல்வார்கள். அந்தக் கையசைப்புக்காக நின்றுகொண்டிருந்தார். வள்ளம் போகிற கரையில், மகனை வள்ளத்தில் அனுப்பியவளின் வீட்டுக்கு, யாழ்ப்பாணத்து அடையாள அட்டையோடு ஒருவர் வந்து, வெளிநாடு போக வந்தேன் என்கிறார்.

"இல்லை, இல்லை, மஹத்தயா" என்று நான் பாய்ந்தேன். "நிகங். நிகங் இன்ன." சும்மா, சும்மா இருக்க.

சார்ஜன்ட் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். புருஷன் ஒன்று சொல்கிறார், மனைவி ஒன்று சொல்கிறாள். ஒஸ்வால்ட் நல்ல சிங்களத்தில் விளக்க வெளிக்கிட்டார்; அவரைக் கையால் அமர்த்திவிட்டார். பிறகு பேனையை மூடி, மெதுவாகச் சொன்னார்: நான் எதையும் கேட்கவில்லை, எதையும் எழுதவுமில்லை. கொழும்பு பஸ் இப்போது வரும். அதில் ஏறிவிடுங்கள். இந்த அம்மாவின் வீட்டுப் பக்கம் இனி வர வேண்டாம்.

அவர் எங்களுக்குச் செய்தது உதவிதான். வேறு யாராவது என்றால் உள்ளே போட்டிருப்பார்கள். அந்த உதவியைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மாக்ரெட் எங்களோடு பஸ் நிற்கும் இடம் வரை வரவில்லை. சாரம் மட்டும் ஈரத்தோடு பையில் இருந்தது.

பஸ்ஸில் ஒஸ்வால்ட் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறகு தூங்கிவிட்டார். நீர்கொழும்பு தாண்டியபோது இவருடைய உதடு அசைவதைக் கண்டேன். தேவாரம் என்று நினைத்தேன். குனிந்து கேட்டால், "நிகங் இன்ன. நிகங் இன்ன."

"என்னப்பா செய்யிறியள்?"

"எவ்வளவு சின்ன வசனம், பாக்கியம். ஏன் எனக்கு வாயில வரேல்லை? அங்க அதைத்தானே சொல்லியிருக்க வேணும். அந்த மனுசன் விளங்கியிருப்பான். அவனுக்கும் பென்ஷன்தானே."

எனக்குக் கோபம் வர வேண்டும். விசரா உமக்கு என்று கத்த வேண்டும். ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளை பாடமாக்குவதுபோல அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்க்க, கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. சொல்லட்டும் என்று விட்டேன்.

கொட்டாஞ்சேனைக்குப் போக ஒஸ்வால்ட் புறக்கோட்டையில் பிரிந்தார். நாங்கள் காலி வீதி பஸ் எடுத்தோம். வெள்ளவத்தைக்குக் கிட்ட, வழக்கமான சென்றியில் எல்லோரையும் இறக்கினார்கள். சின்ன வயது ஆமிக்காரன் ஒருவன் இவருடைய அட்டையை வாங்கி, மறுபக்கம் திருப்பி, அலுப்போடு கேட்டான். வெள்ளவத்தைக்கு மொகட்டத ஆவே?

என் கணவர் நிமிர்ந்து நின்றார். அன்று முழுவதும் தேடிக் கண்டுபிடித்த வசனத்தை, எழுத்துப் பிசகாமல், தெளிவாகச் சொன்னார்.

"நிகங் இன்ன, மஹத்தயா."

"நிகங்?" அவன் அலுப்பு எல்லாம் போய்விட்டது. "நிகங்?" என்று மறுபடி கேட்டுக்கொண்டு, அட்டையைத் தன் பைக்குள் போட்டான். வரிசையை விட்டு வெளியே வரும்படி இவருடைய முழங்கையைப் பிடித்தான்.

நான் நடுவில் புகுந்தேன். மகனே என்று கையெடுத்துக் கும்பிட்டேன். "பிட்டரட்ட யன்ன, புத்தே, பிட்டரட்ட யன்ன. வயது போன மனுசன், அவருக்கு நினைவு தவறுது." லண்டனில் மகன் இருக்கிறான், விசாவுக்குக் காத்திருக்கிறோம் என்று தெரிந்த சிங்களம் அத்தனையையும் கொட்டினேன். அவன் இவரை ஏற இறங்கப் பார்த்தான். இவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நினைவு தவறியவர் போலவே இருந்தார். கடைசியில் அட்டையைத் திருப்பிக் கொடுத்து, போகச் சொல்லிக் கையசைத்தான்.

ஒழுங்கைக்குள் திரும்பிய பிறகுதான் இவர் வாய் திறந்தார்.

"நான் உண்மையத்தான் சொன்னனான்."

"தெரியும்" என்றேன். "இனிச் சொல்லாதேங்கோ."

மூன்று மாடியும் ஏறினோம். சாரத்தைப் பையிலிருந்து எடுத்து, காயட்டும் என்று கதிரையில் விரித்துவிட்டேன். குளித்துவிட்டு வந்தவர் அதைத் தொட்டுப் பார்த்தார். "காஞ்சிட்டுது" என்றார். கேள்வி மாதிரித்தான் சொன்னார். இன்றைக்கு ஒரு இரவு மட்டும் கட்டிக்கொண்டு படுங்கோ என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்தார் என்று எனக்குத் தெரியும்.

சாரத்தை மடித்து அலுமாரியின் அடியில் வைத்தேன். அயன் பண்ணிய லோங்ஸ் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். பெல்ட்டையும் நானே கொடுத்தேன்.