மூக்கன் சாப்பிட்டாச்சு

தொழிற்சாலைக் கேன்டீனில் தலைமைச் சமையல்காரராக இருந்த காலத்தில் அவருக்கு ‘இதோ அண்ணன்’ என்று பெயர். மணி அடித்து, வரிசை வாசலைத் தாண்டி வளர்ந்துவிடும். உள்ளே உலை இன்னும் கொதித்திருக்காது. அவர் கரண்டியும் கையுமாக ஜன்னல் வழியே தலையை நீட்டி, “இதோ, ஆச்சு!” என்பார். பசித்தவன் முகம் சற்றுத் தெளியும். அவன் தட்டைக் கழுவிக்கொண்டு வருவதற்குள் உலையும் கொதித்துவிடும். அந்த ‘இதோ’வைப் பொய்யென்று ஒருவரும் குறை சொன்னதில்லை. பரிமாறுகிற வேலையில் அதுவும் ஒரு பதார்த்தம் என்றே அவர் எண்ணியிருந்தார்.

மனைவி காலமான பிறகு, ஓய்வு பெற்று, மகள் வீட்டோடு வந்து சேர்ந்தார். அங்கே அவர் கைக்கு ஒருவர் பசியும் அகப்படவில்லை. மகளுக்கும் மருமகனுக்கும் வேண்டிய சாப்பாட்டை அவரவர் அலுவலகமே போட்டது. பிறகு குழந்தை பிறந்தது. மகளின் விடுப்பு முடியும் நாள் நெருங்க நெருங்க, குழந்தையைக் காப்பகத்தில் விடுவதா, தாத்தாவிடம் விடுவதா என்ற கேள்வி சாப்பாட்டு மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தது. அதற்கு யாரும் இருக்கை போடவில்லை.

மருமகனின் பெற்றோருக்குக் குழந்தையைக் காட்டிவரக் கிளம்பிய அன்று, பெட்டியை மூடிக்கொண்டே மகள்தான் பேச்சை எடுத்தாள்.

“அப்பா, வந்ததும் பாப்பா விஷயத்தை முடிவு பண்ணிடலாம். அதுவரைக்கும் மூக்கன் உங்க பொறுப்பு.”

“மூக்கனை ஒழுங்காப் பாத்துக்கிட்டா பாப்பாவை என்கிட்ட விட்டுட்டுப் போவியா?”

“முதல்ல மூக்கன் சாப்பிடட்டும், பாக்கலாம்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவர் அதிலிருந்து சிரிப்பைக் கழித்துவிட்டு மீதியை எடுத்துக்கொண்டார்.

மூக்கன் என்பது, கூடத்து உப்புநீர்த் தொட்டிக்குப் புதிதாக வந்திருந்த மீன். உள்ளங்கை அகலம், அட்டையில் வெட்டியதுபோல் தட்டை, வெள்ளை உடம்பில் செம்பு நிறப் பட்டைகள், கதவிடுக்கில் எட்டிப் பார்ப்பவன் மூக்கைப்போல் நீண்ட வாய். மருமகன் கடையில் மாதக்கணக்கில் சொல்லிவைத்து வாங்கியது. வந்ததிலிருந்து பாறைக்குப் பின்னாலேயே கிடந்தது.

“பழக நாளாகும் மாமா,” என்றான் மருமகன், கார் சாவியைத் தேடியபடி. “நீங்க சாப்பாடு மட்டும் போடுங்க. மத்ததெல்லாம் நான் வந்து பாத்துக்கறேன்.”

சாப்பாடு மட்டும் போடுவது என்பது அவர் அகராதியில் இல்லை. கார் தெருமுனை திரும்பியதும் தொட்டியைச் சமையலறைக் கண்ணால் பார்த்தார். பாறை இடுக்குகளிலெல்லாம் பழுப்பு நிறத்தில், பாதி ஊடுருவித் தெரிகிற சிறு சிறு முளைகள் அசைந்துகொண்டிருந்தன. அடியில் பாசி பிடித்த பாத்திரத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா உட்காரக்கூடியவர் அல்லர் அவர். வெந்நீர் வைத்தார். அழுக்கேறிய பாறைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, கொதிக்கக் கொதிக்க ஊற்றி, பிரஷ்ஷால் தேய்த்து, மருமகன் கலந்து வைத்திருந்த உப்புநீரில் அலசி, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார். பாறைகள் புதுக் கருக்கோடு இருந்தன. இதைப் பற்றி அவர் யாரிடமும் சொல்லவில்லை. வந்து பார்த்து அவர்களே வியக்கட்டும் என்றிருந்தார்.

அதன்பின் சாப்பாடு. உறைந்த இறால் கட்டியைக் கரைத்து விட்டார். மற்ற மீன்கள் பாய்ந்து வந்தன. மூக்கனும் வந்தது, ஒரு துணுக்கை முதலில் இடக்கண்ணாலும் பிறகு வலக்கண்ணாலும் பார்த்தது, குறை கண்டுபிடிப்பதற்கென்றே விருந்துக்கு வந்த உறவினரைப்போல் திரும்பிக்கொண்டது. இறாலைப் பொடியாக அரிந்து போட்டார். இழை இழையாகக் கிழித்துப் போட்டார். பூண்டுச் சாற்றில் ஊறவைத்தால் மணத்துக்கு வரும் என்று எங்கோ கேட்டு, அதையும் செய்தார். மற்ற மீன்கள் கொழுத்தன. மிஞ்சியது அழுகித் தண்ணீர் கலங்கியபோது, நீண்ட குழாயால் துணுக்கு துணுக்காக உறிஞ்சி எடுத்தார். நானூறு பேருக்கு ஒரே வேளையில் சோறு போட்ட மனிதர், விரலளவு வாய்க்கு முன்னால் கை கட்டி நின்றார்.

மாலையில் தொலைபேசி அடித்தது.

“அப்பா, மூக்கன் சாப்பிட்டானா?”

பின்னணியில் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. மகளின் குரல் தூக்கமில்லாமல் நூலாகியிருந்தது.

“இதோ, சாப்பிட்டுக்கிட்டே இருக்கான்.”

“அப்பாடா! இங்க இவ பண்ற ரகளையில, நல்லதா ஒரு சேதியாவது கேக்கறேனே.”

எப்படியும் நாளைக்குச் சாப்பிட்டுவிடும். அப்போது இன்று சொன்னதும் உண்மையோடு உண்மையாகக் கரைந்துவிடும் என்று அவர் நினைத்தார். மறுநாள் மூக்கன் சாப்பிடவில்லை. மகள் மட்டும் தவறாமல் கேட்டாள். “சாப்பிட்டாச்சு,” என்றார். அடுத்த நாள், “நேத்தைவிடக் கொஞ்சம் கூட,” என்றார். அதற்கடுத்த நாள் மகள், “வீடியோ அனுப்புங்கப்பா, ஆசையா இருக்கு,” என்றாள்.

தொட்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியை மூக்கன் அடிக்கடி கொத்துவதை அவர் கவனித்திருந்தார். அந்த இடத்தில் இறால் துணுக்குகளைத் தூவிவிட்டுக் கைப்பேசியைப் பிடித்தார். மீன் கொத்தியது, துணுக்குகள் மிதந்தன, பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றே. படத்தைச் சரியான இடத்தில் நிறுத்தி அனுப்பினார்.

இம்முறை மருமகனே பேசினான். “பிரமாதம் மாமா! இந்த ஜாதியைச் சாப்பிட வைக்கறது லேசுப்பட்ட வேலை இல்ல. பாப்பாவையும் உங்ககிட்டயே விட்டுடலாம் போலிருக்கு!”

“கேட்டீங்களாப்பா?” என்று மகள் இடையில் புகுந்தாள். “காப்பகம் காப்பகம்னு நின்ன மனுஷர் வாயாலயே வந்துடுச்சு. நான் அங்க வேண்டாம்னு சொல்லிடறேன்.”

இரண்டு மாதமாக அவர் கேட்கக் காத்திருந்த வாக்கியம் அது. கேட்ட பிறகு வெகுநேரம் தொட்டிப் பக்கம் போகவே அவருக்குக் கால் எழவில்லை.

காலை வெளிச்சத்தில் பார்த்தபோது மூக்கன் அவர் பக்கம் நேராகத் திரும்பியது. தலைக்குப் பின்னால் இரு புறமும் குழி விழுந்திருந்தது, வயிற்றுக்கோடு உள்வாங்கியிருந்தது. மெலிவைப் பற்றி அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. சட்டைக் காலர் தொளதொளக்கிற தொழிலாளியைக் கண்டால் கேட்காமலே இரண்டு கரண்டி கூடப் போட்டவர். செருப்பை மாட்டி, பையும் கையுமாக, மருமகன் மூக்கனை வாங்கிய மீன் கடைக்குப் போனார்.

கடைக்காரி ஐம்பது வயதை ஒட்டியவள். முழங்கை வரை ஈரமாக, ஒரு தொட்டிக்குள்ளிருந்து பேசினாள்.

“பையைப் பாத்தா சமைக்கிற மீன் வாங்க வந்த மாதிரி இருக்கு. அது அடுத்த தெருண்ணே.”

“இல்லம்மா. சமைச்சுப் போட்டும் சாப்பிடாத மீன் ஒண்ணு வீட்டுல இருக்கு.” மருமகன் இன்னாரென்று அடையாளம் சொன்னார்.

“அட, தாடிக்காரர் மாமனாரா நீங்க! உக்காருங்க. மூக்கு நீட்டா இருக்குமே, அதுதானே?”

அவர் வீடியோவைக் காட்டினார். அவள் பாதியிலேயே கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள்.

“இது சாப்பிடலண்ணே. கண்ணாடியில தன் நிழலைப் பாத்து வேற மீன்னு சண்டைக்குப் போவுது.”

“தெரியும்,” என்றார் அவர்.

அவள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். அதைப் பற்றி மேலே கேட்கவில்லை. “சரி, பாறையில முளைச்சிருக்கிறதைக்கூடவா தொடல?”

“எது?”

பின்சுவரோரம் கைவிடப்பட்டதுபோல் நின்ற ஒரு தொட்டியைக் காட்டினாள். அதன் பாறைகள் முழுக்க அதே பழுப்பு முளைகள் அசைந்துகொண்டிருந்தன.

“கண்ணாடிக் களைன்னு நாங்க சொல்லுவோம். விட்டா தொட்டி பூராப் பரவி, மத்த உயிரையெல்லாம் கொட்டிக் கொட்டியே ஒழிச்சிடும். அதைத் திங்கத்தானே உங்க மருமகன் இந்த மீனை வாங்கினாரு! வேத்து எடத்துல வேற எதையும் தொடாத மூக்குக்காரன்கூட இதைக் கொத்திப் பாப்பான். உங்க தொட்டியில நிறைய கெடக்குமே?”

அவர் தம் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார். “வெந்நீர் ஊத்தித் தேய்ச்சுட்டேம்மா.”

“எதை, பாறையையா?”

“பளிச்சுன்னு இருக்கு.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அதை நடுவிலேயே நிறுத்திக்கொண்டாள்.

“அதுல ஒரு பாறை குடும்மா, எடுத்துட்டுப் போறேன்.”

“அது மட்டும் கேக்காதீங்க. இந்தக் களையை ஒழிக்கணும்னு தாடிக்காரர் என்கிட்ட எத்தனை தடவை புலம்பியிருக்காரு தெரியுமா? ஒழிஞ்சதை நானே திரும்பக் கொண்டாந்து விட்டா நாளைக்கு என் மூஞ்சியில முழிப்பாரா? அவர் வாயால ‘குடு’ன்னு சொல்லட்டும், ரெண்டாவே தர்றேன்.” பிறகு குரலைத் தணித்தாள். “சொல்ல முடியலன்னா விட்டுடுங்கண்ணே. இந்த ஜாதி புது எடத்துல பாதி தங்காது. செத்துப்போனா யாரும் உங்களைக் குத்தம் சொல்லப் போறதில்ல.”

கடைக்கு எதிரே ஒரு சிமெண்டுப் பெஞ்சு இருந்தது. அவர் அதில் உட்கார்ந்தார். கணக்கு மிகவும் எளிமையாக இருந்தது; அதுதான் அவரை அச்சுறுத்தியது. பேசாமல் வீட்டுக்குப் போனால் மீன் சாகும். மருமகன் பெருந்தன்மையாக, “பரவால்ல மாமா, இந்த ஜாதியே இப்படித்தான்,” என்பான். குழந்தை அவரிடம் வந்துவிடும். வாயைத் திறந்தால் மீன் ஒருவேளை பிழைக்கும், குழந்தை வராது. அவர் தம் ‘இதோ’வை நினைத்துப் பார்த்தார். கேன்டீனில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் எப்போதும் ஓர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. காலித் தட்டோடு நிற்பவனிடம் ‘சாப்பிட்டாச்சு’ என்று சொல்லி அவர் ஒருநாளும் ஜன்னலைச் சாத்தியதில்லை.

மருமகன் எண்ணைத்தான் அழுத்தினார். எடுத்தவள் மகள்.

“அவர் பாப்பாவைக் குளிப்பாட்டிட்டிருக்கார். சொல்லுங்கப்பா. மூக்கன் சாப்பிட்டானா?”

“இல்லம்மா.”

“இன்னிக்கு மட்டுமா?”

“ஒரு நாளும் சாப்பிடல. நான் சொன்னதெல்லாம் பொய். வீடியோவும்.” நிறுத்தினால் மீண்டும் தொடங்க முடியாது என்று அவருக்குத் தெரிந்தது. பாறை, வெந்நீர், கடைக்காரி சொன்னது, வேண்டியிருக்கிற அனுமதி என்று மூச்சுவிடாமல் வரிசையாகச் சொல்லி முடித்தார்.

மறுமுனையில் தண்ணீர் சலசலப்பும் குழந்தையின் கொக்கரிப்பும் கேட்டன.

“பாப்பா பால் குடிக்கலைன்னாலும் இப்படித்தான் என்கிட்ட ‘குடிச்சாச்சு’ன்னு சொல்லுவீங்களாப்பா?”

“போன வாரம் கேட்டிருந்தா, மாட்டேன்னு அடிச்சுச் சொல்லியிருப்பேன்.”

“இப்ப?”

“இப்ப எனக்கே தெரியலம்மா.”

அவள் இணைப்பைத் துண்டித்தாள். சற்று நேரத்தில் மருமகன் அழைத்தான்.

“மாமா, கடையில பேசிட்டேன். பாறையை எடுத்துட்டுப் போங்க. களையை அப்புறம் பாத்துக்கலாம்.” தயங்கினான். “மனசுல வெச்சுக்காதீங்க. வீடியோவைப் பாத்தப்பவே எனக்குத் தெரியும்.”

“என்ன தெரியும்?”

“அது சாப்பிடலன்னு.”

தெருவில் ஒரு லாரி கடந்து போகும்வரை அவர் காத்திருந்தார். “அப்ப, பாப்பாவை என்கிட்ட விடலாம்னு சொன்னீங்களே மாப்பிள்ளை, அது?”

“அது... உங்க மனசு கஷ்டப்படக் கூடாதேன்னு. அவ அப்படி உடனே முடிவு பண்ணிடுவான்னு எதிர்பாக்கல.”

“மீன்?”

“நாலு நாள் தாங்கும், வந்து பாத்துக்கலாம்னு நினைச்சேன்.” பிறகு, தேவைக்கு மேல் மரியாதையாக, “தப்புதான் மாமா,” என்றான்.

அவரவர் மனம் நோகாதிருக்க அவரவர் சொன்ன நல்ல வார்த்தைகளுக்கு நடுவே அந்த மீன் பட்டினி கிடந்திருக்கிறது என்பது அவருக்கு விளங்கியது. அந்த விளக்கத்தால் ஆறுதல் ஏதும் உண்டாகவில்லை.

கடைக்காரி பாறையை உப்புநீர் நிறைந்த வாளியில் இட்டுக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து, வாளியில் தொட்டித் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கலந்து பழக்கிவிட்டு, பாறையை மூக்கன் ஒளிகிற இடத்துக்கருகே இறக்கினார். சுருங்கியிருந்த முளைகள் மெல்ல விரிந்தன. மூக்கன் வந்தது. இடக்கண்ணால் பார்த்தது. வலக்கண்ணால் பார்த்தது. போய்விட்டது. அவர் நாற்காலியைச் சுவரோரம் தள்ளிப் போட்டு, தாம் அதன் கண்ணில் படாதபடி உட்கார்ந்துகொண்டார். வெயில் கூடத்தைக் கடந்து போனது. மீன் மறுபடி வந்தது. நீண்ட வாயை ஓர் இடுக்கில் நுழைத்தது. ஒரு வெட்டு வெட்டி இழுத்தது. முளை இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

அவர் எழுந்துவிடவில்லை. விழுங்கியதா, துப்பியதா என்று பார்க்க வேண்டியிருந்தது. விழுங்கியது.

அன்று மாலை மகள் அழைக்கவில்லை. இருட்டத் தொடங்கியதும் அவரே அழைத்தார்.

“காப்பகத்துல மறுபடியும் பேசிட்டேன்ப்பா,” என்று அவள் முதலிலேயே சொன்னாள். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே பேசினாள். “இடம் வெச்சிருக்காங்களாம்.”

“சரிம்மா.”

“மூக்கன் என்ன பண்றான்?”

“ஒரே ஒரு கொத்து. விழுங்கினதைப் பாத்தேன். அப்புறம் ரெண்டு தடவை கிட்ட வந்து, கொத்தாமலே திரும்பிட்டான். வயிறு இன்னும் ஒட்டித்தான் இருக்கு. பிழைப்பான்னு சொல்ல முடியாது.”

“நிஜமாவாப்பா?”

அவள் எதைக் கேட்கிறாள், கொத்தியதையா, பிழைப்பது நிச்சயமில்லை என்பதையா என்று அவர் ஒரு கணம் யோசித்தார். எதுவானாலும் பதில் ஒன்றுதான்.

“ஆமாம்மா,” என்றார். “ஒரே ஒரு கொத்துதான்.”