பதினோராவது கட்டம்

என் தம்பி கௌதமன் ஜெர்மனியில் கட்டிய வரியில் கொஞ்சம் திரும்பி வரவேண்டுமென்றால், இங்கே குமாரபாளையத்தில் இருக்கும் எங்கள் அப்பா ஏழை என்று நிரூபிக்கவேண்டுமாம். நிரூபிக்க வேண்டியவள் நான். அவன் ஃபோனில் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அலைவதற்குத்தான் இந்தச் சாரதாமணி இருக்கிறாளே.

விஷயம் இதுதான். அங்கே சம்பாதிக்கிறவன் ஊரில் இருக்கும் அப்பாவுக்குப் பணம் அனுப்பி, அதில்தான் அவர் சாப்பிடுகிறார் என்று காட்டினால், அந்தத் தொகைக்கு வரிச்சலுகை உண்டு. அதற்கு ஒரு ஃபாரம். மேலே ஜெர்மன், அடியில் பொடி எழுத்தில் இங்கிலீஷ். எவ்வளவு அனுப்புகிறான் என்பது அவன் நிரப்பும் தாளில் இருந்தது; எனக்கு வந்தது அப்பாவின் தாள் மட்டும். நிலம் உண்டா, வாடகை வருமா, கையிருப்பு எவ்வளவு என்று வரிசையாகக் கேட்டிருந்தார்கள். நிரப்பி, அப்பா கையெழுத்துப் போட்டு, உள்ளூர் அதிகாரி ஒருவரிடம் சீல் வாங்கவேண்டும். பதினோராவது கட்டத்தில், இவரை வேறு எவரேனும் ஆதரிக்கிறார்களா, பெயர், உறவு, தொகை எழுதுக என்று இருந்தது.

"அதுல இல்லைன்னு போட்டுரு அக்கா. வேற ஆளு பேரு வந்தா என்ற பங்கு கொறைஞ்சுரும்" என்றான் கௌதமன்.

"ஏன்டா, நானெல்லாம் ஆளில்லியா?"

"அட, உன்னையச் சொல்லுல. ஃபாரத்துக்குச் சொல்றேன்."

ஃபாரத்துக்குத்தான். என் வீட்டுக்காரர் இறந்துபோய், நான் பிறந்த வீட்டுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. லுங்கி கம்பெனி ஒன்றில் பில் போடுகிறேன். சம்பளம் பதினான்காயிரம். அரிசி, கேஸ், கரண்ட் பில், அப்பாவின் சர்க்கரை மாத்திரை எல்லாம் அதில்தான். போன ஆடியில் அவருக்குக் கண் ஆப்பரேஷன். என்னுடைய ஒன்றரைப் பவுன் செயினை அடகு வைத்தேன். "தம்பி அனுப்பறது இருக்குதுங்களா?" என்று அன்றைக்குக் கேட்டதற்கு, "அது என்னமோ கொஞ்சம் வருது சாமி, கெடக்கட்டும்" என்றார். நாலாயிரமோ ஐந்தாயிரமோ அனுப்புகிறான், அங்கே அவனுக்கும் இரண்டு குழந்தை என்று நினைத்துக்கொண்டேன். தம்பியிடம் எவ்வளவு என்று கேட்க எனக்குக் கௌரவம். பாஸ்புக் பீரோவில் இருக்கிறது. பீரோ சாவி அப்பாவின் அரைஞாண் கயிற்றில் இருக்கிறது.

பதினோராவது கட்டத்தில் இல்லை என்று எழுதக் கை வரவில்லை. காலியாக விட்டுவிட்டு, அரைநாள் லீவு போட்டு வி.ஏ.ஓ. ஆபீசுக்குப் போனேன்.

வி.ஏ.ஓ. ஒரு சின்னப் பெண். தாளை இரண்டு தரம் திருப்பிப் பார்த்துச் சிரித்தது. "ஏனுங்க அக்கா, ஜெர்மனில பையன் இருக்கறாருன்னா பெரிய எடம்னு ஊரே சொல்லும். நீங்க இல்லாதவருன்னு எழுதித் தரச் சொல்றீங்க."

"எனக்கும் வெளங்குலீங்க. இவரு இல்லாதவரா இருந்தாத்தான் அவனுக்கு வருமாம்."

"சரி, மேல கேட்டுத்தான் சீல் வெக்கோணும். நீங்க பாஸ்புக்குல எண்ட்ரி போட்டு, இந்தப் பதினொண்ணையும் எழுதிக் கொண்டாங்க. காலியா உடாதீங்க."

மறுபடியும் ஒரு நாள் அலைச்சல். வீட்டுக்கு வந்து பாஸ்புக்கைக் கேட்டேன். மகன் வேலை என்றதும் அப்பா மறுபேச்சில்லாமல் சாவியை அவிழ்த்தார்.

பேங்க் வாசலில் எண்ட்ரி போடும் மெஷினில் பாஸ்புக்கைச் செருகினேன். கர்ர், கர்ர் என்று அடித்துக்கொண்டே இருந்தது. பக்கம் திருப்பச் சொன்னது. திருப்பினேன். மறுபடியும் திருப்பச் சொன்னது. பின்னால் நின்ற ஆள், "எத்தன வருசமுங்க போடாம வெச்சிருந்தீங்க?" என்று சலித்துக்கொண்டார். மாதம் இருபத்தைந்தாயிரம். ஐந்து வருடம். ஒரு ரூபாய்கூட வெளியே எடுக்கவில்லை. கடைசி வரியில் பதினாறு லட்சத்துச் சொச்சம் இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. அதை வேறு எப்படிச் சொல்ல?

வீட்டுக்குள் நுழைந்ததும் பாஸ்புக்கை அப்பா மடியில் போட்டேன்.

"இது என்னங்கப்பா?"

"கௌதமன் காசு சாமி."

"உங்க செலவுக்குன்னுதான அனுப்பறான்?"

"அவன் அனுப்புவான். எடுத்துத் தின்னுபோட்டா? நாளைக்கு அவன் வந்தா ஒரு ஊடு கட்டோணுமல்ல."

"அப்ப என்ற காசு? என்ற செயினு?"

அப்பாவுக்குக் கேள்வியே புரியவில்லை. முகத்தில் கள்ளம் கபடம் எதுவும் இல்லை. அதுதான் என்னை இன்னும் கொன்றது.

"உன்ற காசு ஊட்டுக் காசுதான சாமி" என்றார்.

நான் சமையல்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு கௌதமனுக்கு ஃபோன் போட்டேன். கையிருப்பைச் சொன்னேன்.

"அவரு எடுக்கவே இல்லியா? அப்ப அஞ்சு வருசமாச் சோத்துக்கு?"

நான் அரிசிப் பானையின் மூடியைச் சாத்தினேன்.

"நீயாக்கா?"

"பின்னே? பக்கத்து ஊட்டுக்காரியா?"

"சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா. நான் அனுப்பறதுலதான் ஊடு நடக்குதுன்னு நெனச்சேன்." பிறகு அவனே சொன்னான். "கையில இத்தனை இருந்தா அவரத் தேவைப்பட்டவருன்னு இங்க ஒத்துக்கவே மாட்டாங்க. அந்த ஃபாரத்தக் கிழிச்சுப் போட்டுரு அக்கா."

அவ்வளவுதான். அவனுக்காகச் சேர்த்து வைத்ததே அவனுக்கு வரவேண்டியதைக் கெடுத்துவிட்டது. சிரிக்கக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் அப்பாவே வந்தார். கண்ணாடி போட்டிருந்தார், என் செயின் வாங்கிக் கொடுத்த கண்ணுக்கு மேலே. "அந்தத் தாளக் குடு சாமி, கையெழுத்துப் போட்டுத் தாரேன். அவனுக்கு ஆகோணுமல்ல."

அந்தத் தாள் எங்கேயும் போகப்போவதில்லை என்று சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. என் அற்பப் புத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினோராவது கட்டத்தில் விரலை வைத்து, "கையெழுத்து கடைசிலீங்க. மொதல்ல இது" என்றேன். கேள்வியைத் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

"இதுக்கு என்ன போடோணும்?"

"இல்லைன்னு போடச் சொல்லியிருந்தான். நீங்க உங்களுக்குத் தெரிஞ்சதப் போடுங்க."

பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "உன்ற பேரப் போட்டா அவனுக்குக் கொறையுமா?"

"கொறையுமுங்க."

பேனாவைக் கீழே வைத்தார். எழுந்து உள்ளே போனார். சொம்பில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. போகட்டும், தெரிந்த கதைதானே என்று தாளை மடிக்கப் போனேன். அவர் திரும்பி வந்து, "மடிக்காத" என்றார். உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாக, சாரதாமணி என்று எழுதினார். உறவு என்ற இடத்தில் மகள் என்று எழுதினார். தொகை என்ற இடத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

"எத்தனைன்னு போட, சாமி?"

எனக்குத் தெரியவில்லை. எவனெவனுக்கோ பைசா சுத்தமாக பில் போடுகிறேன். இதை ஒரு நாளும் கூட்டிப் பார்த்ததில்லை.

"தெரியாதுங்கப்பா" என்றேன்.

அவர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"செயின எத்தனைக்கு வெச்ச?"

"நாப்பதாயிரம்."

எழுதினார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்புறம்?" என்றார்.