நகத்துக்குத் திரும்பாத நிறம்

கையெழுத்துப் போட மாட்டேன் என்று நெனிதா சொன்னபோது மேடம் எவாஞ்சலின் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கழற்றிய மூடியை என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பவும் மாட்டினாள். அந்தச் சூரை மீன் ஆலையில் பதினோரு வருஷமாக மேற்பார்வை பார்க்கிறவள் அவள். மெமோவை நீட்டினால் அழுவார்கள், கெஞ்சுவார்கள், வீட்டில் பிள்ளைகள் இருப்பதைச் சொல்வார்கள், கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு போட்டுவிடுவார்கள். மாட்டேன் என்று அவள் மேசைக்கு எதிரே யாரும் நின்றதில்லை.

"என்ன எழுதியிருக்குன்னு படிச்சியா நீ?"

"படிச்சதாலதான் சொல்றேன். 'கை கழுவ மறுத்தார்'னு போட்டிருக்கீங்க. நான் என்ன அழுக்கு மூட்டையா மேடம்?"

"நீ கழுவலையே! கேமராவுல நல்லாத் தெரியுது. தொட்டியைத் தாண்டி நேரா உள்ள போறே."

"கழுவலை. இல்லைங்கலையே. ஏன் கழுவலைன்னும் சேர்த்து எழுதுங்க, இப்பவே போடறேன்."

ஏன் கழுவவில்லை என்பது மேடத்துக்குத் தெரியாதா என்ன? ஜென்சான் என்ற இந்தத் துறைமுக ஊரில் பிறந்து வளர்ந்த யாருக்குத்தான் தெரியாது? சூட்டில் கிடந்த கையைத் தண்ணீரில் வைக்கக் கூடாது. இஸ்திரி போட்ட கையோடு துணி அலசக் கூடாது. வெயிலில் நடந்து வந்த காலைக் கழுவக் கூடாது. வைத்தால் பஸ்மா வரும். நரம்பு புடைக்கும், கை நடுங்கும், உள்ளங்கை வியர்த்துக் கொட்டும். எவாஞ்சலினே வீட்டில் இஸ்திரி போட்டுவிட்டுப் பாத்திரத்தை மகள் தலையில் கட்டுகிறவள்தான். ஆனால் ஆலைக்குள் வந்து அடையாள அட்டையை மாட்டிக்கொண்டால் எல்லாம் மறந்துவிடும்.

நெனிதாவுக்கு வயது நாற்பத்தொன்று. பன்னிரண்டு வருஷமாகச் சூட்டு வரிசையில் நிற்கிறாள். காலை ஆறு மணிக்கு ஆவியில் வெந்த சூரை மேசைக்கு வந்துவிடும். கையுறையைத் தாண்டிச் சூடு ஏறும். தோலைச் சுரண்டி, முள்ளை எடுத்து, வெள்ளைச் சதையையும் கருஞ்சிவப்பு ரத்தச் சதையையும் கத்தியால் பிரிக்க வேண்டும். வெள்ளைச் சதை மனிதருக்கு, சிவப்பு வெளிநாட்டுப் பூனைக்கு. ஒரு மணி வரை அதுதான் வேலை. பிறகு வீட்டுக்குப் போய்விடலாம். இந்த ஜனவரியிலிருந்து அது மாறியது. ஆர்டர் குவிகிறது என்று சொல்லி, சூட்டு வரிசைப் பெண்களை மத்தியானம் மூன்று மணி நேரம் குளிரறைக்கு அனுப்பத் தொடங்கினார்கள். அங்கே உறைந்த சூரைத் துண்டுகளைச் சீவி அடுக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு. கதவுக்கு முன்னால் ஓர் எஃகுத் தொட்டி. அதில் பனிக்கட்டி மிதக்கும் குளோரின் தண்ணீர். முழங்கை வரை இருபது விநாடி முக்கி எடுக்காமல் உள்ளே காலெடுத்து வைக்கக் கூடாது.

முதல் வாரம் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது வாரம் கையுறையைக் கழற்றியபோது மோதிர விரலும் நடுவிரலும் இரண்டாவது கணுவரை வெளுத்துக் கிடந்தன. கோடு கிழித்த மாதிரி, அதற்குக் கீழே பழுப்பு, மேலே சுண்ணாம்பு. கிள்ளிப் பார்த்தாள். யாருடைய விரலையோ கிள்ளுவது போலிருந்தது. கொஞ்ச நேரத்தில் நீலம் பாரித்தது. அப்புறம் ரத்தம் திரும்பி வந்ததே, அப்பப்பா, மிளகாய் அரைத்த கையைத் தீயில் காட்டினால்கூட அப்படி எரியாது. அதற்குப் பிறகு நாள் தவறாமல் வந்தது. விரலில் உயிர் இல்லாததால் இரண்டு முறை கத்தி நழுவி விழுந்தது. குளிரறையில் கத்தி விழுந்தால் வரிசையை நிறுத்தி, அடுக்கியதை எல்லாம் பிரித்துப் பார்க்க வேண்டும். எல்லோரும் அவளைத்தான் திட்டினார்கள். இரண்டு மெமோ வந்தது. கவனக்குறைவு என்று எழுதியிருந்தார்கள். இரண்டிலும் தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்துப் போட்டாள். இப்போது நினைத்தால் அந்தக் கையெழுத்துகளைத் தின்றுவிடலாம் போல ஆத்திரமாக வருகிறது.

பக்கத்தில் நிற்கும் லோர்னா வைத்தியம் சொல்லாத நாளில்லை. "அக்கா, சின்னக் குழந்தை காலையில போற மூத்திரத்தைப் பிடிச்சு அதுல கையை ஊற வையுங்க. எங்க சித்திக்கு மூணே நாள்ல சரியாப் போச்சு."

"ஏண்டி, மீன் நாத்தம் பத்தாதுன்னு அது வேறயா? எம் புருஷன் என்னைக் கட்டிப் படகுல தூக்கிட்டுப் போய்க் கடல்ல போட்டுடுவான்."

கொய்யா இலை போட்டுக் கொதித்த உப்புத் தண்ணீரில்தான் ஊற வைத்தாள். வீட்டில் இதமாக இருந்தது. மறுநாள் தொட்டியில் முக்கியதும் பழையபடி ஆனது. அதனால்தான் செவ்வாய்க்கிழமை தானாக ஒரு வழி கண்டுபிடித்தாள். பத்து நிமிஷம் கைகளை அக்குளில் இடுக்கிச் சூட்டை மெல்ல ஆற்றிவிட்டு, புதுக் கையுறை மாட்டிக்கொண்டு, தொட்டியைத் தொடாமல் உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு விரல் வெளுக்கவில்லை. கத்தி விழவில்லை. கேமரா மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்றாவது மெமோ என்றால் வெளிவாசல்தான். வெளியே போவதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். கை கழுவாதவள் என்று எழுதி அனுப்பினால் ஜென்சானில் வேறு எந்த மீன் ஆலை சேர்த்துக்கொள்ளும்?

"சரி, டாக்டர் எழுதித் தரட்டும். உனக்கு நோய்னு அவர் எழுதினா சூட்டு வரிசையோட நிறுத்திக்கறோம். இல்லைன்னா போடறே," என்றாள் எவாஞ்சலின். டாக்டர் என்ன எழுதுவார் என்று தெரிந்துதான் சொன்னாள்.

டாக்டர் அபெல்லாவுக்கு முப்பது வயது இருக்கலாம். தாவாவோ நகரத்திலிருந்து வந்தவர், செவ்வாயும் வியாழனும் ஆலைக்கு வருவார். இன்று வியாழன். மேடம் அறைக்கே வந்து, நெனிதாவின் இரண்டு கைகளையும் மேசைமேல் வைக்கச் சொல்லித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவை வெட்கமில்லாமல் இளஞ்சிவப்பாக இருந்தன.

"நல்லாத்தானே இருக்கு அக்கா?"

"இப்ப நல்லா இருக்கு. பஸ்மா வரும்போது பார்க்கணும்."

"பஸ்மான்னு ஒரு நோயே கிடையாது. எந்தப் புத்தகத்துலயும் இல்லை."

"புத்தகம் எழுதினவரு என்னைக்காவது இஸ்திரி போட்டிருப்பாரா டாக்டர்?"

அவர் சிரித்துவிட்டார். பொறுமையாகத்தான் சொன்னார்: "இங்க பாருங்க. ரத்தக் குழாயைச் சுத்தி மெல்லிசாச் சதை இருக்கு. குளிர் பட்டா அது இறுகும். உடம்போட சூடு வெளிய போகாம இருக்கறதுக்கு. சூடானா தளரும், ரத்தம் ஓடும். எனக்கும் அப்படித்தான், மேடத்துக்கும் அப்படித்தான். பனிக்கட்டியில வேலை பார்த்தா விரல் மரத்துப்போறது சகஜம்."

"எல்லாருக்கும் இறுகித் தளருது. எனக்கு இறுகினது இறுகினபடியே நிக்குது. அதைத்தான் நான் வந்த நேரத்துலேருந்து சொல்லிட்டிருக்கேன்."

வாயால் சொல்லி ஆகப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. எழுந்து போனாள். மீன் இறங்கும் மேடையிலிருந்து ஒரு பேசின் நிறையப் பனிக்கட்டி அள்ளி வந்து, மேசைமேல் கிடந்த மெமோவின் மேலேயே டொம்மென்று வைத்தாள். தண்ணீர் ஊற்றி வலது கையை உள்ளே விட்டாள். எவாஞ்சலின் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து நிமிஷம். எட்டு. பத்து. எடுத்தபோது கை வேகவைத்த இறால் மாதிரி செக்கச் செவேலென்று இருந்தது. ஒரு விரல்கூட வெளுக்கவில்லை.

பாவி! இத்தனை நாள் கூப்பிடாமல் வந்தாயே, இன்றைக்கு வரக் கூடாதா? நெனிதாவுக்குத் தன் கையையே அறைய வேண்டும் போலிருந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. அது எவாஞ்சலின் கண்ணில் படக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டாள். டாக்டர் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

"எழுதாதீங்க டாக்டர்."

"அக்கா, நானே பார்த்தேனே..."

"இந்தக் கை இன்னைக்கு வேலையே பார்க்கலை. காலையில உள்ள வந்ததும் கூப்பிட்டு மேடம் ரூம்ல ஏசிக் காத்துல உக்கார வச்சுட்டாங்க. சும்மா கிடந்த கைக்கு எப்படி பஸ்மா வரும்? முதல்ல சூட்டுல வேகணும். அலுக்கணும். அப்புறம் அந்தத் தொட்டித் தண்ணி. அதுதான் வரிசை. ஒரு மணிக்கு அந்தக் கதவுகிட்ட வந்து பாருங்க."

"நான் பன்னெண்டு மணிக்குக் கிளம்பணும். அதுவும் இல்லாம, இது நம்பிக்கை சம்பந்தப்பட்டது. படிச்சவன் இதையெல்லாம்..."

"போன வியாழக்கிழமை ஆலை மைதானத்துல பாஸ்கெட்பால் ஆடினீங்களே?"

"ஆமா. அதுக்கென்ன?"

"ஆடி முடிச்சு முதுகுல துண்டைப் போட்டுக்கிட்டு ஒரு மணி நேரம் உக்காந்திருந்தீங்க. மத்தவங்க எல்லாம் குளிச்சிட்டுப் போயிட்டாங்க. நீங்க மட்டும் குளிக்கலை. ஏன் டாக்டர்? எந்தப் புத்தகத்துல இருக்கு அது?"

டாக்டரின் காது மடல் சிவந்தது. எவாஞ்சலின் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

"அது... எங்கம்மா சொல்லிச் சொல்லிப் பழகினது."

"உங்கம்மா படிக்காதவங்களா?"

"நர்ஸ்," என்றார் அவர், குரல் இறங்கி. பேனாவை மூடிச் சட்டைப் பைக்குள் போட்டார். "சரி. ஒரு மணிக்கு வரேன். மேடம், இவங்களை லைனுக்கு அனுப்புங்க."

நெனிதா அன்றைக்கு வேலை பார்த்த மாதிரி என்றைக்கும் பார்த்ததில்லை. லோர்னா இரண்டு மீன் முடிப்பதற்குள் இவள் மூன்று முடித்தாள். ஆவி முகத்தில் அடித்தது, முதுகில் வியர்வை ஓடியது, மணிக்கட்டில் நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. ரத்தச் சதையைப் பிரிக்கும்போது புருஷன் பெர்னிங் சொல்வது ஞாபகம் வந்தது. ஆழக்கடலில் தூண்டிலில் ஏறும் பெரிய சூரையின் வயிற்றுக்குள் கைவிட்டால் சுடும் என்பான். அவ்வளவு குளிர்ந்த தண்ணீரிலும் தன் ரத்தத்துச் சூட்டை விடாமல் உள்ளேயே சுற்றவிட்டு வைத்துக்கொள்ளுமாம். கெட்டிக்கார மீன்தான். மனுஷிக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

இத்தனை வாரமாக மேசை விளிம்பில் நின்றபடி அவள் குழந்தை இயேசுவிடம் வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். இன்றைக்கு விரல் சாகக் கூடாது. இப்போது அதே உதட்டால் வேண்டினாள். சாகட்டும் சாமி, இன்றைக்கு ஒரு நாள் நல்லாச் சாகட்டும். தன் விரல் சாக வேண்டுமென்று தானே கும்பிடும்படி ஆகிவிட்டதே என்று நினைத்தபோது பயம் போய் வெறும் கோபம் மட்டும் மிஞ்சியது.

ஒரு மணிக்குக் கதவருகே பெண்கள் வேண்டுமென்றே மெதுவாக நடந்தார்கள். டாக்டர் வெள்ளைக் கோட்டோடு வந்து நின்றார். காவலாளி மறித்தான். லோர்னா ஒரு தலைமுடி வலையை விரித்து அவர் தலையில் மாட்டிக் காதுவரை இழுத்துவிட்டாள். "கையையும் முக்கணும் டாக்டர். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

அவர் கோட்டுக் கையை மடித்துத் தொட்டிக்குள் விட்டார். "அம்மாடி!" என்று உடனே வெளியே இழுத்துவிட்டார்.

"இருபது செகண்டு டாக்டர்! மறுபடியும் முதல்லேருந்து!" பெண்கள் சேர்ந்து எண்ணினார்கள். பதினைந்துக்கு மேல் அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். அவருக்குப் பக்கத்தில் நெனிதாவும் கைகளை முக்கினாள். அவள் எண்ணவில்லை, முகமும் மாறவில்லை.

குளிரறையில் மூச்சு புகையாக வந்தது. நெனிதா தன் இடத்தில் நின்று கத்தியை எடுத்துச் சீவத் தொடங்கினாள். டாக்டர் கைகளைத் தேய்த்தபடி எதிரே நின்றார். பேசின் தண்ணீரில் ஊறி நைந்த மெமோவை எவாஞ்சலின் கையில் வைத்திருந்தாள். மூன்று நிமிஷம் ஒன்றுமில்லை. ஐந்து நிமிஷம் ஒன்றுமில்லை. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

கத்தி சிமெண்ட் தரையில் விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"இப்ப வந்து பாருங்க," என்றாள் நெனிதா.

கையுறையை அவரே உருவினார். மோதிர விரல், நடுவிரல், சுண்டு விரல், மூன்றும் வெளுத்திருந்தன. ஆள்காட்டி விரலில் வெண்மை நுனியிலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கணுவைத் தாண்டியது. டாக்டரின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. அவளுடைய நடுவிரல் நகத்தைத் தன் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துவிட்டு விரலை எடுத்தார்.

"ரெண்டு எண்ணறதுக்குள்ள சிவப்பு திரும்பி வரணும்," என்றார் மெதுவாக, தனக்குத்தானே சொல்வது போல.

"எண்ணுங்க. சத்தமா எண்ணுங்க, மேடத்துக்குக் கேக்கட்டும்."

"ஒண்ணு," என்றார் அவர். "ரெண்டு. மூணு."

நான்கில் லோர்னாவும் சேர்ந்துகொண்டாள். ஐந்தில் அடுத்த மேசை சேர்ந்தது. தொட்டியருகே எண்ணிய அதே ராகத்தில் வரிசை முழுவதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எண்ணியது. எவாஞ்சலின் வாயைத் திறந்து, யாரை அதட்டுவதென்று தெரியாமல் மூடிக்கொண்டாள். பதினொன்றில் லோர்னா தன் கையுறையைக் கழற்றி, வெளுத்துப்போன ஒரு சுண்டு விரலை டாக்டரின் கண்ணுக்கு நேரே நீட்டினாள். இத்தனை நாள் அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை. மூத்திர வைத்தியம் யாருக்காகச் சொன்னாள் என்று நெனிதாவுக்கு இப்போதுதான் புரிந்தது. பதினாலில் எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு கை வந்தது. அப்புறம் ஒன்று.

இருபது வந்தது. யாரும் நிறுத்தவில்லை. "இருபத்தொண்ணு," என்றாள் நெனிதா எல்லோருக்கும் முந்தி, கையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தபடி. நகம் வெள்ளையாகவே இருந்தது.