உதடு தெரிகிற அளவுக்கு

ரப்பர் தோட்டத்துக் கல்யாணங்களில் மேடையேறிப் பரிசு கொடுக்க வருபவர்கள், வீடியோ கேமராவைக் கண்டால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். போட்டோ எடுக்கிறார்கள் என்று நினைப்பு. கேமராக்காரர் தொண்டை கிழியக் கத்தினாலும் இமைகூட அசையாது. யோகேஸ்வரியின் கல்யாண வீடியோவிலும் அப்படித்தான். லாபிஸ் ஊர்ப் பக்கத்துத் தோட்டமே வரிசையாக வந்து, விறைப்பாக நின்றுவிட்டுப் போகிறது. பார்க்கும்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வரும், கூடவே கண்ணும் கலங்கும். அந்த லயத்து வீடுகள் இன்று இல்லை. அந்த மனிதர்களில் பாதிப்பேர் இல்லை.

அசைந்தது அவள் அம்மா செல்லம் மட்டும்தான். கேமராவை நேராகப் பார்த்து என்னவோ சொல்லி, கையை வாய்க்குக் கொண்டுபோய்ச் சாப்பிடச் சைகை காட்டுகிறாள். என்ன சொன்னாள் என்று யாருக்கும் தெரியாது. மற்றச் சத்தம் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, முதலிலிருந்து கடைசிவரை நாதஸ்வரத்தை ஏற்றிவைத்த புண்ணியவான் அந்த வீடியோக்காரர். தலைகுனிந்து நின்ற மணப்பெண் காதிலும் மேளச்சத்தம்தான் விழுந்தது.

"கேமராக்காரரைச் சாப்பிடக் கூப்பிடறாங்க, வேற என்ன?" என்பார் கணவர் குணாளன்.

தம்பி ரூபேந்திரன் அந்த வீடியோவில் இல்லை. பேச்சைக் கேட்காமல் கப்பல் வேலைக்குப் போனவனை, "இனி என் வாசலை மிதிக்காதே" என்று அம்மா விரட்டியிருந்தாள். ரோஷக்காரன், அக்கா கல்யாணத்துக்கும் வரவில்லை. அம்மா செத்தபோது நடுக்கடலில் இருந்தான். இப்போது மெர்சிங் துறைமுகத்துக்கு அப்பால் ஒரு தீவில் படகு இன்ஜின் பழுது பார்க்கிறான். அம்மா கடைசிவரை அவளோடு இருந்த தம்போய் ஊர் வீட்டுக்கு வாடா என்று கூப்பிட்டால், "அம்மா வராதேன்னாங்கக்கா" என்று இன்றுவரை அதே பல்லவி.

பழைய டேப்பைக் கடையில் கொடுத்து ஃபைலாக மாற்றியதைச் சொன்னதும், அவனே கேட்டான்.

"அனுப்புக்கா. தோட்டத்து ஆளுங்க எல்லாரையும் பாக்கணும். இங்க லைன் ரொம்ப மோசம் லா, சின்னதா அனுப்பு."

ஃபைலோ யானை மாதிரி இருந்தது. குணாளன் படத்தின் அளவைச் சுருக்கோ சுருக்கென்று சுருக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினார். போய்ச் சேர்ந்தது. "அம்மா முகம் கஞ்சி மாதிரி இருக்குக்கா" என்று பதில் வந்தது.

யோகேஸ்வரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்கம்மா மூஞ்சிய இப்படியா கரைப்பீங்க? உதடு தெரியணும். என்ன சொன்னாங்கன்னு அவனாவது கண்டுபிடிக்கட்டும்."

குணாளன் மறுபடி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். இந்த முறை படத்தின் அளவில் கை வைக்கவில்லை.

"பாரு, பழைய டேப்புல பொடிப்பொடியா புள்ளி ஆடுது. கம்ப்யூட்டருக்கு அதுவும் அசைவுதான், அதுக்கே இடத்தைக் கொட்டுது. லேசாத் துடைச்சிட்டு, புது முறையில சுருக்கினா போதும். அசையாத படத்துக்கு இடமே வேணாம். உங்க ஆளுங்கதான் சிலை மாதிரி நிக்கிறாங்களே!"

நிஜம்தான். ஃபைல் சுண்டைக்காய் அளவுக்கு வந்துவிட்டது, காளியப்பன் கங்காணியின் மீசையோ முடிமுடியாகத் தெரிந்தது. மற்றவர்கள் மிச்சம்வைத்த இடமெல்லாம் அசைந்த ஒருத்திக்குக் கிடைத்திருந்தது. வாட்ஸ்அப் மறுபடி நசுக்கிவிடாதபடி, வீடியோவாக இல்லாமல் டாக்குமெண்டாக அனுப்பினார்.

அது போய்க்கொண்டிருக்கும்போதே யோகேஸ்வரி அம்மா வரும் இடத்தை ஓட்டிப் பார்த்தாள். உதடு குவிந்தது, ஒட்டியது, திறந்தது. தானும் அப்படியே வாயசைத்துப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவனே கண்டுபிடிக்கட்டும் என்று போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

போன் வந்தது. அவன் அழுதுகொண்டிருந்தான்.

"அம்மா சாப்பிடக் கூப்பிடறது கேமராக்காரரை இல்லக்கா. 'ரூபன்'ங்கறாங்க. என்னை அப்படிக் கூப்பிட்டது அம்மா மட்டும்தானே?"

கேமராவிடம் சொன்னால் கப்பல்வரை போய்ச் சேரும் என்று அம்மா நம்பியிருக்கிறாள்.

"நாளைக்கு முதல் ஃபெரில வர்றேன்" என்றான் அவன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டான். "கல்யாணத்துக்கு இவ்ளோ லேட்டா வந்தா சாப்பாடு இருக்குமாக்கா?"

"வாடா ரூபன்" என்றாள். "பந்தி இன்னும் முடியல."