கழுத்து காயாத வெங்காயம்

வெங்காயம் காய்ந்துவிட்டதா என்று பார்க்கத் தாளும் கிழங்கும் சேருகிற கழுத்தை இரண்டு விரலால் அழுத்த வேண்டும். உள்ளே வழுக்கினால் ஈரம். நொறுங்கினால் எடுத்து வைக்கலாம். இது என் தங்கைக்குத் தெரியாதா? அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுத்துப் பிழைத்தவள் அவள். விலை இறங்கும் மாதத்தில் மூட்டையாக வாங்கி, வீட்டிலேயே காயவைத்து, வலைப்பைகளில் போட்டுத் தொங்கவிட்டு, ஆறு மாதம் ஓட்டிவிடுவாள். அப்படிப்பட்டவள் என்னிடம், கழுத்து இன்னும் காயவில்லை என்று கூசாமல் சொன்னாள். குனிந்து ஒன்றை அழுத்திப் பார்த்தேன். பொடியாக உதிர்ந்தது. காய்ந்து பத்து நாளாவது ஆகியிருக்கும்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், சொந்தபந்தம் முழுக்க அறிந்த சங்கதி. ஆனால் அன்று வாயை மூடிக்கொண்டேன். வெங்காயம் பரப்பியிருந்தது அவள் மகளின் அறையில்.

மகள் ஐந்து வயதில், எட்டு மாதத்துக்கு முன்னால், காய்ச்சலில் போய்விட்டாள். அவள் அப்பா பஸ் கண்டக்டர். மகளை ‘அரை டிக்கெட்’ என்றுதான் கூப்பிடுவார், கடைசியில் எங்கள் எல்லோருக்கும் அதுவே பெயராகிவிட்டது. அந்த வீட்டில் அவரால் இருக்க முடியவில்லை. வேறு டிப்போவுக்கு மாற்றல் கேட்டு வாங்கி, அங்கே வீடும் பார்த்துவிட்டு, முதலில் தான் மட்டும் போனார். வெங்காயத்தைக் காயவைத்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே வருகிறேன் என்றாளாம் தங்கை. ஒரு மாதம் ஓடிவிட்டது. மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். அவளை எப்படியாவது கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள், நீங்கள் சொன்னால்தான் கேட்பாள் என்று போனில் அழுதார். மகளையும் இழந்து, மனைவியையும் அந்த வீட்டுக்கே விட்டுக்கொடுத்துவிடுவாரோ என்று எனக்குப் பயம் வந்தது. தையல் கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் மதியம் அந்த அறைக்குள் போனேன். தரை முழுக்கச் செய்தித்தாள், அதன்மேல் வெங்காயம். காற்றுப் புகவேண்டும் என்பதற்காக, ஒன்றை ஒன்று தொடாமல் விரற்கடை இடைவெளி விட்டுப் பரப்பியிருந்தாள். ஜன்னல் பக்கம் மட்டும் ஓர் இடம் காலியாக இருந்தது. காலையில் அது இல்லை, எனக்கு நன்றாகத் தெரியும், நான்தான் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டேன். சின்ன உருவம் ஒன்று ஒருக்களித்து, முழங்காலை மடக்கிப் படுத்தால் எவ்வளவு இடம் வேண்டுமோ, அவ்வளவு. சுற்றிலும் வெங்காயங்கள் ஓரமாக ஒதுங்கி ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கிடந்தன. தலை இருக்க வேண்டிய இடத்தில் காகிதம் நனைந்திருந்தது. காசளவு ஈரம். அரை டிக்கெட் மதியம் தூங்கினால் எச்சில் ஒழுகும்.

தங்கையின் வேலை என்றுதான் நினைத்தேன். வேறென்ன நினைப்பது? இடத்தை நிரப்பினேன். அடுத்த நாள் காலையிலேயே அறையைப் பூட்டிச் சாவியை என் பைக்குள் போட்டுக்கொண்டு, சமையலறையில் அவள் எதிரே உட்கார்ந்தேன். அவள் கீரை ஆய்ந்தாள். நான் அவள் கையையே பார்த்தேன். இரண்டு மணிக்கு அவள் தலையைத் தூக்கி, யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல மெல்ல, “இப்ப தூங்கிருப்பா” என்றாள்.

பூட்டைத் திறந்தேன். இடம் இருந்தது. ஈரமும் இருந்தது. தொட்டுப் பார்த்தேன், காகிதம் வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் அந்தப் பக்கம் விழவே இல்லை.

வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டேன். தங்கையோ வாசலில் நின்றபடி, எட்டு மாதத்தில் நான் பார்க்காத நிம்மதியோடு சிரித்தாள். கட்டிலையும் துணிமணியையும் அவர் எடுத்துப் போனபின், வெறும் அறையாகக் கிடந்ததால்தான் வெங்காயத்தைக் கொட்டினாளாம். மூன்றாம் நாள் இதைப் பார்த்தாளாம். வெங்காயத்தை எடுத்துவிட்டால் குழந்தை வந்தாளா இல்லையா என்று எப்படித் தெரியும் என்று என்னையே கேட்டாள்.

ஆனாலும் அவளைப் பார்த்தேன். தோள் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. தெருவுக்குப் போய் எத்தனை நாளாயிற்றோ, செருப்பில் தூசி அடையடையாக இருந்தது. சாப்பாட்டுப் பாத்திரங்கள் அடுக்கியபடியே மங்கிக் கிடந்தன. செத்துப்போன குழந்தைக்குக் காவலாக உயிரோடிருப்பவள் காய்ந்துகொண்டிருந்தாள். எனக்கு இவள்தான் வேண்டும். இதை ஒளித்துப் பேச எனக்குத் தெரியாது.

அதனால் ஒரு வேலை செய்தேன். நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன்.

குழந்தை அறைக்கா வருகிறாள், வெங்காயத்துக்குத்தானே வருகிறாள், அது போகிற இடத்துக்கு அவளும் வருவாள் என்றேன். பார்த்துவிடலாமே, கூடத்தில் பரப்புவோம். தங்கை ரொம்ப நேரம் யோசித்துவிட்டுச் சம்மதித்தாள். இரண்டு பேருமாக எல்லாவற்றையும் அள்ளி வந்து கூடத்தில் பரப்பினோம். மதியம் அவள் குளிக்கப் போனாள். நான் மண்டி போட்டு, முழங்கால் மடங்கும் இடம், முதுகு வளையும் இடம், தலை என்று வெங்காயங்களை ஒவ்வொன்றாக ஒதுக்கினேன். தையற்காரி அல்லவா, அந்தக் குழந்தைக்குப் பாவாடை சட்டை எல்லாம் தைத்தவள், அளவு எனக்கு அத்துப்படி. கடைசியில் விரலை வாயில் வைத்து நனைத்து, தலை இருக்கும் இடத்தில் தேய்த்தேன்.

ஈரத் தலையோடு வந்த தங்கை அதைப் பார்த்தாள். அப்படியே உட்கார்ந்தாள். அந்த ஈரத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, “வந்துட்டா அக்கா, நம்ம கூடவே வந்துட்டா” என்றாள். நான் திரும்பிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. பரபரவென்று வெங்காயத்தை வலைப்பைகளில் போட்டாள். பாத்திரங்களைக் கட்டினாள். இரண்டாம் நாள் அவள் கணவர் வேனோடு வந்தார். வேனில் ஏறும்போது வெங்காயப் பை ஒன்றைக் கீழே வைக்க மாட்டேன் என்று மடியிலேயே வைத்துக்கொண்டாள். அவர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

வீட்டைப் பெருக்கிவிட்டுச் சாவியைக் கொடுப்பது என் பொறுப்பு. அவர்கள் போய் நான்கு நாள் கழித்து, ஒரு மதியம், துடைப்பத்தோடு போனேன். காலி வீட்டில் என் செருப்புச் சத்தமே எனக்கு அதிகமாகக் கேட்டது. குழந்தையின் அறைக் கதவைத் திறந்தேன்.

வெங்காயம் இல்லை, பழைய செய்தித்தாளும் உதிர்ந்த சருகும்தான். ஜன்னல் பக்கம் காகிதத்தில் ஈரம் இருந்தது. எச்சில் ஈரம் இல்லை. நிறைய இருந்தது, இரண்டு இடத்தில் இருந்தது, கண்கள் இருக்கும் இடத்தில். அங்கிருந்து கதவு வரைக்கும் சருகுகள் விலகி ஒரு பாதை. கதவின் உட்பக்கம், என் நெஞ்சுக்கும் கீழே, தாழ்ப்பாளுக்கு ஒரு முழம் கீழே, சின்னச் சின்ன விரல் தடங்கள். எட்டப் பார்த்திருக்கிறாள். எட்டவில்லை.

போன் அடித்தது. தங்கைதான். வேலையை மறுபடி ஆரம்பித்துவிட்டாளாம், பக்கத்துக் கட்டடத்தில் பதினொரு சாப்பாடு கேட்டிருக்கிறார்களாம். அவர் இரண்டு வேளையும் வீட்டில்தான் சாப்பிடுகிறாராம். வெங்காயத்தை அங்கேயும் பரப்பி வைத்திருக்கிறாள். இன்னும் இடம் விழவில்லை.

“புது வீடுல்ல, பழக நாலு நாள் ஆகும். நீ அங்கதான் இருக்கியா அக்கா? அந்த ரூம்ல ஒண்ணும் இல்லையே?”

அந்தக் குரலில் தெம்பு இருந்தது. உண்மையைச் சொன்னால் அடுத்த பஸ்ஸில் வந்து இறங்குவாள், அப்புறம் அவளை யாராலும் கிளப்ப முடியாது. சருகுகள் என் காலடியில் அசைந்து, நின்றன.

“ஒண்ணும் இல்லடி. காலியா கிடக்கு” என்றேன்.

போனை அணைத்துவிட்டு, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஈரத்துக்குப் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்தேன். ஒரு பொய்யைத் தாய்க்குச் சொல்லியாயிற்று, பிள்ளைக்கும் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

“அம்மா போயிட்டாடி கண்ணு. நான்தான் அனுப்பிட்டேன். பெரியம்மா இருக்கேன், தூங்கு.”

கொஞ்ச நேரம் கழித்து என் கழுத்தோரம் சூடாக, ஈரமாக ஏதோ பட்டது. நான் கண்ணைத் திறக்கவில்லை.